220 என்பது இருபத்திரண்டா, இருநூற்றிருபதா?

2022 ஜூன் 5, மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மாணவரின் கேள்வி

அண்ணாச்சி, துடிப்பு கொடுக்க 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வைத்து ஒரு சிறு கன்ட்ரோலர் போர்டு செய்துகொண்டிருக்கிறேன். கிரிஸ்டலின் இரண்டு காலிலும் 22 பிகோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் போட வேண்டும் என்று வரைபடத்தில் இருக்கிறது. கடையில் கேட்டு வாங்கி வீட்டில் வந்து பார்த்தால் இரண்டிலும் 220 என்று அச்சிட்டிருக்கிறது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "இது 22தான் தம்பி, கொண்டு போ" என்று சொல்லி அனுப்பிவிட்டார். 220 என்று எழுதியிருந்தால் அது 220தானே? பத்து மடங்கு பெரியதைக் கொடுத்து என்னை ஏமாற்றிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

2022 ஜூன் 5, இரவு

கடைக்காரர் சொன்னதே சரி. மூன்று இலக்கங்கள் இருந்தால் முதல் இரண்டு மட்டுமே எண்; மூன்றாவது, அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை சுழிகள் போட வேண்டும் என்பதைச் சொல்கிறது. விடை எப்போதும் பிகோஃபாரட் என்ற மிகச் சின்ன அலகில்தான் வரும். 104 என்றால் 10க்குப் பின் நான்கு சுழிகள்: 1,00,000 பிகோஃபாரட், அதாவது 100 நானோஃபாரட், அதாவது நாம் கடையில் "பாயின்ட் ஒன்" என்று கேட்டு வாங்கும் 0.1 மைக்ரோஃபாரட். 472 என்றால் 4,700. 101 என்றால் 100. உங்கள் 220 என்பது 22க்குப் பின் சுழியே இல்லை என்பதாகும். இருநூற்றிருபது வேண்டுமானால் 221 என்று அச்சிட்டிருப்பார்கள்.

இதோடு ஒரு சின்னச் சோதனையும் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் 10, 15, 22, 33, 47, 68 என்ற வரிசையில் இருக்கும். இடையிடையே 12, 18, 27, 39, 56, 82 வரும். இவற்றில் சேராத ஒன்றை வாசித்துவிட்டீர்கள் என்றால், கெப்பாசிட்டரைக் குறை சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

2022 ஜூன் 6

அந்த 220க்குப் பின்னால் "ஜே" என்று ஓர் எழுத்து இருப்பதாகத் தம்பி இன்று எழுதியிருக்கிறார். அதை நேற்றே சொல்லியிருக்கலாமே. அது எவ்வளவு ஏறக்குறைய இருக்கலாம் என்பதைக் காட்டும் எழுத்து: "ஜே" என்றால் 5 சதவீதம், "கே" என்றால் 10, "எம்" என்றால் 20. "இசட்" என்பது ஒரு விசித்திரப் பிறவி. 20 சதவீதம் குறையலாம், 80 சதவீதம் கூடலாம். 104 இசட் என்று எழுதிய கெப்பாசிட்டர் 80 நானோவிலிருந்து 180 நானோ வரை எங்கே நின்றாலும் அதைச் செய்தவர் பொய் சொல்லவில்லை.

இந்தக் "கே" எழுத்தால் நம் ஊர் ரிப்பேர் மேசைகளில் நடந்த குழப்பத்துக்கு அளவில்லை. 104 கே என்பதை "நூற்றிநாலு கிலோ" என்று வாசித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு அவர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆயிரம் பிகோஃபாரட்டைக் "கேபிஎஃப்" என்று சொல்லும் பழக்கம் நம் வியாபாரத்தில் இன்றும் இருக்கிறது. 10 கேபிஎஃப் என்று கேட்டால் 103ஐ எடுத்துத் தருவார்கள். அப்புறம் 103 கே 1 கேவி என்று ஒரே வட்டுக் கெப்பாசிட்டரில் இரண்டு "கே" வரும். முதலாவது 10 சதவீதம், இரண்டாவது ஆயிரம் வோல்ட். மூன்றாவதாகக் கிலோபிகோ என்று நாம் வாயால் சேர்த்துக்கொள்கிறோம்.

2022 ஜூன் 9

ஐந்தாம் தேதி நான் எழுதியதில் ஒரு திருத்தம். "மூன்று இலக்கங்கள் இருந்தால்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். எழுதி முடித்த பிறகு மூன்று நாள்களாக அது உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று காலை, கடையைத் திறந்ததும், பழைய வால்வு ரேடியோக்களிலிருந்து கழற்றிய டிஸ்க் கெப்பாசிட்டர்களைப் போட்டு வைத்திருக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தேன். மரத்தூள் நிறத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவு இருந்த ஒரு வட்டில் 470 என்று இருந்தது. எழுத்து எதுவும் இல்லை. மீட்டரில் வைத்தால் 0.46 நானோ காட்டியது. அது 47 அல்ல, நேராகவே 470 பிகோஃபாரட். அந்தக் காலத்தில் சுழிக் கணக்கெல்லாம் இல்லாமல் உள்ளதை உள்ளபடி அச்சிட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். அதே பாட்டிலில் .01 என்று மட்டும் எழுதிய வட்டுகளும் இருந்தன. முன்னால் புள்ளி இருந்தால் அது மைக்ரோஃபாரட். புள்ளி தேய்ந்து போய்விட்டால் வெறும் 01 மிஞ்சும், அப்போது ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

புள்ளி தேயும் என்பது தெரிந்துதான் பின்னால் வந்தவர்கள் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தையே வைத்தார்கள். 4ஆர்7 என்றால் 4.7 பிகோ, 4என்7 என்றால் 4.7 நானோ, என்47 என்றால் 0.47 நானோ, அதாவது 470 பிகோ.

ஆகவே தம்பியின் கேள்விக்கு என் விடை மாறவில்லை, ஆனால் அதற்கான காரணம் மாறுகிறது. அது 22 என்று நான் நம்புவதற்குக் காரணம் மூன்று இலக்கம் அல்ல, பின்னால் நிற்கும் "ஜே" என்ற எழுத்து. அந்த எழுத்தோடு வரும் சின்னப் புது வட்டில் சுழிக் கணக்கைத்தான் எதிர்பார்க்க வேண்டும். எழுத்தில்லாத பெரிய பழைய வட்டில் 220 என்று இருந்தால் மீட்டரில் வைக்காமல் நான் வாய் திறக்க மாட்டேன்.

இதே 22, 220 குழப்பத்தில் நானே ஒரு முறை மாட்டியிருக்கிறேன். தக்கலையில் கடை போட்ட புதிதில், ஒரு கலர் டிவியின் கலர் பகுதியில், 4.43 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்குப் பக்கத்தில் இருந்த உடைந்த வட்டு ஒன்றை மாற்றினேன். உடைந்த துண்டில் 22 என்பது மட்டும் தெரிந்தது, மீதி காணவில்லை. நான் 221ஐ எடுத்துப் போட்டுவிட்டேன். அந்தக் கிரிஸ்டலின் அதிர்வெண் கொஞ்சம் நகர்ந்தாலும் போதும், டிவி கலரைப் பிரித்தெடுக்க முடியாமல் அதை அணைத்துவிடும். படம் அருமையாக வந்தது, கருப்பு வெள்ளையில். என் பெஞ்சில் இருந்த ஆன்டெனா சரியில்லை, வீட்டில் போட்டால் கலர் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலையில் அந்தப் பெரியவர் டிவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கி, "என்ன மக்கா, கலரைக் கழற்றிக் கடையிலேயே வச்சிட்டியா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் இன்றுவரை விடை இல்லை.

2022 ஜூன் 10

குலசேகரத்து நண்பர் ஒருவர் படம் அனுப்பி, "189 என்று ஒன்று கிடைத்திருக்கிறது, 18க்குப் பின் ஒன்பது சுழியா, இது பெட்டிக்குள் அடங்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

முதல் விடை: மூன்றாம் இலக்கமாக 8, 9 வந்தால் அது சுழிக் கணக்கு அல்ல. 9 என்றால் பத்தில் ஒன்று, 8 என்றால் நூறில் ஒன்று. 189 என்பது 1.8 பிகோஃபாரட்.

இரண்டாம் விடை: ஐயா, கால்கள் மேலே இருக்கின்றன. படத்தைத் திருப்பிப் பிடியுங்கள். அது 681.

2022 ஜூன் 19

மறுபடியும் ஒரு திருத்தம். இதற்கு நான் காரணம் அல்ல என்று சொல்ல ஆசைதான். நாகர்கோவில் வாசகர் ஒருவர் தொலைபேசியில் 2ஏ104ஜே என்ற பச்சை நிறத் துண்டைப் பற்றிக் கேட்டபோது, "அதுவும் செராமிக்தான், முன்னால் இருப்பது மாடல் நம்பர்" என்று வேலை மும்முரத்தில் சொல்லிவிட்டேன். இரண்டும் தவறு. சப்பையாக, சாக்லேட் பூச்சு போலப் பளபளக்கும் அந்தப் பச்சைத் துண்டு பாலியெஸ்டர் ஃபிலிம். சுழிக் கணக்கு ஒன்றே என்றாலும் உள்ளே இருப்பது களிமண் வகை அல்ல, பிளாஸ்டிக் தாள். முன்னால் நிற்கும் 2ஏ என்பது வோல்ட்டேஜ். 1ஏ என்றால் 10 வோல்ட், 1சி 16, 1ஈ 25, 1எச் 50. முன்னிலக்கம் ஒன்று கூடினால் பத்து மடங்கு, ஆகவே 2ஏ 100, 3ஏ 1,000. 2ஜே 630 வோல்ட். செராமிக்கிலும் இதே குறிகள் வருவதால் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அந்த வாசகர் நான் சொன்னதை நம்பி எதையும் பொருத்தவில்லை என்றார்.

2022 ஜூலை 3

அளந்து பார்த்துவிட்டால் அச்சைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்த காலத்தில் நல்ல கெப்பாசிட்டர்களைக் குப்பையில் போட்டிருக்கிறேன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

நேற்று மாலை கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அதைத் திரும்பச் செய்து பார்த்தேன். ஒரு பழைய போர்டிலிருந்து 104 இசட் ஒன்றை ஈயம் உருக்கிக் கழற்றி, சூடு ஆறுவதற்கு முன்னரே மீட்டரின் கிளிப்பில் மாட்டினேன். 52 நானோ. பாதிதான் இருக்கிறது, செத்துவிட்டது என்று எவரும் சொல்வார்கள். கையால் தொடாமல் அப்படியே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது 91 காட்டியது. விரலால் வட்டை லேசாகப் பிடித்தால் உடல் சூட்டிலேயே எண் இறங்குவது கண்ணெதிரே தெரிந்தது.

காரணம் அந்த வகைப் பீங்கானின் இயல்பு. ஒய்5வி என்று வகைப்படுத்தும் கெப்பாசிட்டர், மைனஸ் 30 முதல் 85 டிகிரி வரை உள்ள எல்லைக்குள் 82 சதவீதம் வரை இறங்கிப் போகலாம் என்று அதன் வரையறையே அனுமதிக்கிறது. எக்ஸ்7ஆர் வகை மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை 15 சதவீதத்துக்கு மேல் மாறாது. என்பிஓ என்று சொல்லப்படும் வகை டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 30 பங்குக்குள் நிற்கும், அதாவது அசையாது என்றே வைத்துக்கொள்ளலாம். வட்டின் தலையில் கருப்புச் சாயம் தொட்டிருந்தால் அது இந்த என்பிஓ. கிரிஸ்டல் பக்கத்திலும் ரேடியோவின் டியூனிங் பகுதியிலும் இருப்பவை பெரும்பாலும் கருப்புத் தலைகள். அந்த இடத்தில் தலையில் சாயம் இல்லாததைப் போட்டுவிட்டு, செட் சூடானதும் ஸ்டேஷன் ஓடிப்போகிறது என்று வருத்தப்படக் கூடாது.

ஆகவே மீட்டர் சொல்வது இந்த நிமிடத்தின் எண். "இசட்" என்ற எழுத்தை முதலில் வாசித்திருந்தால், 52ஐப் பார்த்ததும் குப்பைத் தொட்டியைத் தேடாமல் தேநீர்க் கடையைத் தேடியிருப்பேன்.

2022 ஜூலை 4

விட்டுப்போனது ஒன்று. 22 பிகோ போன்ற சின்னவற்றை அளக்கும்போது, எதுவும் மாட்டாத நிலையில் மீட்டர் என்ன காட்டுகிறது என்று முதலில் பார்த்து, அதைக் கழித்துவிட வேண்டும். என்னுடையது வெறும் வயருக்கே 0.015 நானோ காட்டும். தம்பியின் கெப்பாசிட்டரை மாட்டி 0.037 வந்தால் அது 22.

2022 ஜூலை 24

இன்று எழுதுவதைச் சிரித்துக்கொண்டு வாசிக்க வேண்டாம்.

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு செட்டாப் பாக்ஸ் வந்தது. படம் வரவில்லை என்பது புகார். அதோடு, "டிவியின் பின்பக்கத்தைத் தொட்டால் சுரீர் என்கிறது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள்" என்று வீட்டுக்காரம்மா கூடுதலாகச் சொன்னார். திறந்து பார்த்தால், பவர் சப்ளையில் மின்சாரப் பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் இணைக்கும் இடத்தில், நீல நிற வட்டு இருக்க வேண்டிய ஓட்டைகளில் 224 என்று எழுதிய மஞ்சள் பெட்டிக் கெப்பாசிட்டர் ஒன்று காலை அகட்டிக்கொண்டு நின்றது. போர்டின் மேல் அச்சில் 222 என்று தெளிவாகவே இருக்கிறது. வேறொரு மேசையில் ஏற்கெனவே பிரித்துப் பார்த்த பெட்டி. யார் கை வேலை என்று நான் கேட்கவில்லை. முதல் இரண்டு இலக்கமும் ஒத்துப்போகிறது, 275 வோல்ட் ஏசி என்றும் எழுதியிருக்கிறது, போதும் என்று நினைத்திருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 222 என்பது 2,200 பிகோ. முழு 230 வோல்ட்டும் 50 ஹெர்ட்ஸில் அதன் மேல் விழுகிறது என்று வைத்துக்கொண்டாலும் அதன் வழியே கசிவது 0.16 மில்லிஆம்பியர், விரலில் ஒரு குறுகுறுப்பு. 224 என்பது 0.22 மைக்ரோஃபாரட், நூறு மடங்கு. கசிவும் நூறு மடங்காகி 16 மில்லிஆம்பியர் ஆகும். பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிப்போகும் அளவு அது. மூன்றாம் இலக்கத்தில் 2க்கும் 4க்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில் ஓர் உயிர்.

மதிப்பைச் சரியாக வாசித்தாலும் வேலை பாதிதான் முடிகிறது. அந்த நீல வட்டில் எண்ணைவிடச் சின்ன எழுத்துகள்தான் அதிகம்: 222எம், அதன் கீழே எக்ஸ்1, ஒய்1 அல்லது ஒய்2 என்ற குறி, ஏசி வோல்ட்டேஜ், சுற்றிலும் சோதனை நிறுவனங்களின் முத்திரைகள். இந்த "ஒய்" குறிதான் முக்கியம். ஒய் வகை கெட்டுப்போனாலும் ஷார்ட் ஆகாமல் திறந்து நிற்கும்படி வடிவமைத்துச் சோதித்தது. எக்ஸ் வகை லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே போடுவது. அது ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. எக்ஸ் இருக்கும் இடத்தில் ஒய் போடலாம், ஒய் இருக்கும் இடத்தில் எக்ஸ் போடக் கூடாது. 222 1 கேவி என்று எழுதிய சாதாரணப் பழுப்பு வட்டையும் போடக் கூடாது, ஆயிரம் வோல்ட் தாங்கும் என்றாலும் சரி. கையில் ஒய் இல்லையென்றால் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டும். நான் அந்த அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். நாகர்கோவிலுக்குப் போய் வாங்கி வந்து மாற்றினேன். படம் வராததற்குக் காரணம் அந்தக் கெப்பாசிட்டர் அல்ல, அது வேறு கதை.

முன்னால் நானும் 1 கேவி வட்டைப் போட்டு அனுப்பியிருக்கிறேனா என்று யாராவது கேட்பார்கள். ஆம். தெரியாத காலத்தில் ஒன்றிரண்டு. அவை இப்போது எந்த வீட்டில் இருக்கின்றன என்று நினைத்தால் இன்றும் தூக்கம் கலைகிறது.

2022 ஆகஸ்ட் 15

விடுமுறை நாள் என்பதால் கொஞ்சம் தடம் விலகுகிறேன். ஜூலை 3ஆம் தேதிக் குறிப்பை வாசித்த மணவாளக்குறிச்சிக்காரர், "செராமிக் என்றால் என்ன மண், நம் ஊர் மண்ணா?" என்று கிண்டலாகக் கேட்டிருந்தார். அவர் அறியாமலே நல்ல கேள்வி கேட்டுவிட்டார். அந்தக் கடற்கரைக் கருமணலில் உள்ள இல்மனைட், ரூட்டைல் இரண்டும் டைட்டேனியத்தின் தாதுக்கள். தொடக்க காலச் செராமிக் கெப்பாசிட்டர்களில் பயன்பட்டது டைட்டேனியம் டைஆக்சைடு, அதாவது ரூட்டைல் என்ற அதே பொருள்தான். மின்னைச் சேர்த்து வைக்க ஒரு பொருள் எவ்வளவு உதவும் என்பதைச் சொல்லும் மின்கடவா எண், மைக்காவுக்கு 6, 7 என்றால் ரூட்டைலுக்கு 100 அளவில் வரும். அதனால்தான் சின்ன வட்டில் பெரிய மதிப்பு அடங்கியது. 1940களில் அதோடு பேரியம் சேர்ந்த பேரியம் டைட்டனேட் கண்டறியப்பட்டபோது அந்த எண் ஆயிரங்களுக்குத் தாவியது. நம் 104 இசட்டின் பொல்லாத குணமும் அந்தப் பேரியம் டைட்டனேட் கொடுத்ததே; நிறையக் கொள்ளும், சூட்டில் நிலைகொள்ளாது.

இதைக் கேட்டதும் அவர் நம் மணல்தான் உலகத்துக் கெப்பாசிட்டர் எல்லாம் என்று பேசத் தொடங்கிவிட்டார். டைட்டேனியம் டைஆக்சைடில் பெரும்பகுதி போவது வெள்ளைப் பெயின்டுக்கு என்று சொல்லி அவரைத் தரையிறக்க வேண்டியதாயிற்று.

2022 அக்டோபர் 30

ஐப்பசி இடி தொடங்கிவிட்டது. மேசை நிறைய செட்கள். அதனால்தான் இரண்டு மாதம் எழுதவில்லை.

முட்டத்திலிருந்து ஒரு படகின் வயர்லெஸ் செட் வந்தது. உப்புக்காற்றில் வட்டுகளின் கால்கள் துருப்பிடித்து, தொட்டால் பொடியாகின. செம்பு பூசிய இரும்புக் கம்பிகள், காந்தம் வைத்தால் ஒட்டும். நான்கு வட்டுகளில் அச்சு முழுவதும் போய்விட்டது. பூச்சு விரிசல் விட்டு ஈரம் ஏறிய ஒன்று மீட்டரில் அதிகமாகவே காட்டியது. அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. கசியும் கெப்பாசிட்டரைப் பல மீட்டர்கள் பெரியதாகத்தான் காட்டும். 20 மெகா ஓம் வரம்பில் வைத்துப் பார்த்தபோது ஓர் எண்ணைக் காட்டி நின்றது, அதாவது கசிகிறது; நல்ல வட்டாக இருந்தால் அந்த வரம்பில் எதுவும் காட்டாது.

அச்சே இல்லாத இடத்தில் நான் வாசிப்பது இருப்பிடத்தை. ஐசியின் பவர் காலிலிருந்து நேராகக் கிரவுண்டுக்குப் போனால் பெரும்பாலும் 104 அல்லது 103. கிரிஸ்டலின் இருபுறமும் ஒரே மாதிரி இரண்டு இருந்தால் 15 முதல் 33 பிகோவுக்குள். ஒன்று உயிரோடு இருந்தால் மற்றதும் அதுவே. அப்படி மூன்றைப் போட்டேன். நான்காவது டியூனிங் காயிலோடு இருந்தது. அதை ஊகிக்க முடியவில்லை, அதே மாடல் பழைய செட் ஒன்று கிடைக்கும் வரை படகுக்காரரைக் காத்திருக்கச் சொன்னேன்.

புதிய போர்டுகளில் ஒட்டியிருக்கும் பழுப்புச் சில்லுக் கெப்பாசிட்டர்களில் அச்சு தொடக்கத்திலிருந்தே கிடையாது என்று மாணவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் இதே வழிதான்.

2022 நவம்பர் 6

மார்த்தாண்டத்துத் தம்பி இன்று நேரிலேயே வந்தார். போர்டு ஜூன் மாதமே ஓடிவிட்டதாம், சொல்ல மறந்துவிட்டாராம். அந்த இரண்டையும் கல்லூரி லேபில் அளந்தபோது 22, 21 என்று வந்ததாகச் சொன்னார். அடுத்த போர்டுக்காக அதே கடையில், அதே டப்பாவிலிருந்து இன்னும் பத்து வாங்கியிருக்கிறார். ஒன்பது சின்னவை, 220ஜே, தலையில் கருப்பு. பத்தாவது பழுப்பாக, கொஞ்சம் பெரியதாக, வெறும் 220 என்று மட்டும்.

அதை என் மீட்டரில் மாட்டினோம். வெறும் வயரின் 15ஐக் கழித்த பிறகு 214 பிகோ.

தம்பி என்னைப் பார்த்தார். கடைக்காரரிடம் போய் இதைக் காட்டி இப்போது சண்டை போடலாமா என்று கேட்டார். அந்த டப்பாவில் இன்னும் எத்தனை பழுப்பு கிடக்கிறது என்று எண்ணிக் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அவை வேண்டும்.